சிவப்புத் தலை போல்ட்டுகள்

என் தம்பியின் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். நான் நாலடி பதினொன்று. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்குச் சேர வேண்டியதையும் அம்மா உனக்கே கொடுத்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லியே நான் அவனை வளர்த்தேன். எல்லோருக்கும் அவன் நெட்டை. எனக்கும் அப்படித்தான்.

நான் கார் சீட் வேலை செய்கிறவள். கிழிந்த சீட்டுக்கு உறை தைப்பதில் ஆரம்பித்து, உயரமானவர்களுக்குச் சீட்டை மாற்றிக் கொடுப்பதில் வந்து நிற்கிறேன். கார் செய்கிறவர்கள் மனதில் ஏதோ ஓர் அளவான ஆளை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அவனைவிட அரை அடி வளர்ந்த பாவத்துக்கு ஒருவன் தலையைக் கூரையில் முட்டிக்கொண்டு, முழங்காலை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டு, மாலையில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் சீட்டின் நுரையை ஒன்றரை அங்குலம் சீவி எடுத்து உயரத்தைக் குறைப்பேன். தொடை தொங்காமல் இருக்க முன்பக்கம் கொஞ்சம் நீட்டுவேன். சீட்டுக்கு அடியில் இரும்புப் பட்டை வைத்து மொத்தத்தையும் நாலு அங்குலம் பின்னால் தள்ளுவேன். பட்டையை அறுத்து ஓட்டை போட்டுத் தருவது பக்கத்துக் கடை வெல்டர்.

போல்ட்டை முடுக்குவதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்ப்பேன். அதற்கு நாலு கெட்டி போல்ட்டையும் போட்டால் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டிக் கை ஒடிந்துவிடும். குறுக்காக இரண்டே இரண்டு மெல்லிய போல்ட். நட்டைக் கையால் திருகி நிறுத்தியது, அவ்வளவுதான். அடையாளத்துக்கு அவற்றின் தலையில் என் நகப்பூச்சைத் தடவிச் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன். ஆள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து, பெடலை மிதித்துப் பார்ப்பான். சரி என்றால் சிவப்பைக் கழற்றிவிட்டுக் கெட்டி போல்ட்டுகளைப் போடுவேன். அதுவரை அந்த நாலு போல்ட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். கார் சாவியும் அதே டப்பாவில்தான். போல்ட் தீராமல் சாவி வெளியே வராது. பதினாறு வருஷமாக இந்தச் சட்டத்தை எந்தக் கொம்பனுக்காகவும் நான் தளர்த்தியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டத்தில் இருந்தது நெட்டையின் கார். வாடகைக்கு ஓட்டுகிற கார், எட்டு வருஷமாக அதில் குனிந்தே ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருவழியாக அன்றைக்குத்தான் கொண்டுவந்தான். உட்கார்ந்து கையை நீட்டினான், காலை நீட்டினான். "அக்கா, என் முட்டிய இப்பதான் முழுசா பாக்குறேன்" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் போன் செய்தார். அவரும் ஆறடி மூன்று. அவருடைய கார் வேலை முடிந்து கடை வாசலில் நின்றது. சாம்பல் நிறத்தில் உறை கேட்டேன், நீ அனுப்பிய படத்தில் எலி நிறத்தில் இருக்கிறதே என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எலிக்கும் சாம்பலுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பாடத்தின் நடுவில் நெட்டை எட்டிப் பார்த்து, "அக்கா, நான் கெளம்புறேன், நேரமாச்சு" என்றான். நான் கையை ஆட்டினேன். "போய்ட்டு வா, மெதுவா போ" என்று வாயாலும் சொன்னேன். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் என்ன சொல்வேனோ அதைச் சொன்னேன். அவன் வீட்டுக்கு நடந்து போய்விட்டு வருவான் என்றுதான் என் நினைப்பு. சாவிதான் டப்பாவில் இருக்கிறதே.

சண்டை முடிந்து, டீ குடித்து, கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் நெட்டையின் கார் இல்லை.

டப்பாவைத் திறந்தேன். சாவி இருந்தது. நாலு கெட்டி போல்ட்டும் இருந்தன. ஒரு நொடி எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அவனிடம் மாற்றுச் சாவி ஒன்று உண்டு. வேறு எந்த வாடிக்கையாளனும் என் கடைக்கு மாற்றுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வருவதில்லை. அக்கா கடை என்பதால் அவன் போல்ட்டைக் கேட்கவில்லை, தம்பி என்பதால் நான் அவனைச் சோதிக்கவில்லை.

அன்றைக்கு அவன் எங்கே போகிறான் என்பது எனக்குத் தெரியும். அவனுடைய மகள் வாலு மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எட்டு வயது. விடுமுறை முடிந்து அவளைக் கொண்டுபோய் விட வேண்டும். கொண்டை ஊசி வளைவு மட்டும் பதினான்கு. நாலு அங்குலம் பின்னால் போன அந்தச் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்க இடமே கிடையாது. அங்கே உட்கார முடிந்த ஒரே ஆள் வாலு. அப்பாவின் காதைப் பிடித்து இழுக்க வசதி என்று எப்போதும் அங்கேதான் உட்காருவாள்.

ஏற்றத்தில் ஒரு அழுத்து அழுத்தினால் அவ்வளவு எடையும் பின்னால் சாயும். மெல்லிய போல்ட் எத்தனை நேரம் தாங்கும்? சீட் பெயர்ந்தால் நெட்டையின் கால் பிரேக்குக்கு எட்டாது. சீட் பெல்ட்டின் கொக்கியும் சீட்டிலேயேதான் இருக்கிறது. நூறு கிலோ ஆளும் இரும்புச் சட்டமும் சேர்ந்து விழுவது அந்தப் பிள்ளையின் மேல்.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் விரலை ஒடித்துவிடுவேன் என்று போன வருஷம் அவனை நடுத்தெருவில் வைத்துத் திட்டியவள் நான்தான். அதிலிருந்து சத்தத்தை அணைத்துக் காரின் முன்பெட்டிக்குள் வைத்துவிடுகிறான். என் பேச்சை அவன் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

தம்பி பெண்டாட்டிக்குப் போன் செய்தேன்.

"இப்பதான் அண்ணி, கால் மணி நேரம் ஆச்சு கெளம்பி. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்பேனர விட்டுட்டுப் போயிட்டான், அதான்."

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

வெல்டர் தன் கடை வாசலில் கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்து, அந்த வெளிச்சம் கண்ணில் அடித்து, இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவருக்கு நிலைமையைச் சொன்னேன்.

"ஐயோ, நான் ஓட்டுவேன்க்கா, ஆனா கண்ணத் திறந்தா மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கே" என்றார். "ஹாஸ்டலுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

"ஹாஸ்டலுக்கு அவன் போய்ச் சேந்துட்டா அப்புறம் எனக்கு என்னய்யா பயம்?"

கடையில் நின்ற ஒரே கார் பேராசிரியருடையது. டப்பாவையும் ஸ்பேனரையும், ஆணியில் மாட்டியிருந்த அவர் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்லக் கூடாது, விழுந்தேன். ஆறடி மூன்றுக்காக நானே தாழ்த்தி, நானே பின்னால் தள்ளிய சீட். கம்பியை இழுத்து எவ்வளவு முன்னால் நகர்த்தியும் கிளட்ச் எட்டவில்லை. முன் கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. வெல்டர் தடவித் தடவி இரண்டு நுரைப் பலகையைக் கொண்டுவந்தார். இரண்டையும் அடியில் போட்டேன். முதுகுக்குப் பின்னால் ரெக்சின் சுருளைச் செருகினேன். அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு, சுருள் நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் நாற்பது வயதில் கற்றுக்கொண்டது, அதுவும் கடையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கடை. மலையில் ஓட்டியதே இல்லை. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் உடம்பு கீழே சரிந்து சாலை மறைந்துபோகும். காலை எடுத்தால் மறுபடி சாலை தெரியும். அளவு பொருந்தாத காரில் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நெட்டையர்களை இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி கேலி செய்திருக்கிறேன். அவர்கள் முகத்தையெல்லாம் நினைத்தால் வெட்கமாக இருந்தது.

"எங்க போயிட்டிருக்கோம்?" என்றார் வெல்டர், துணியை எடுக்காமலே.

"ரோட்டுல."

"நடுவுலயா, ஓரத்துலயா?"

"பேசாம வாய்யா. போன் பண்ணிக்கிட்டே இரு."

கண் தெரியாமல் அவர் அழுத்த, மணி அடித்து ஓய்ந்துகொண்டே இருந்தது. நடுவில் அதே போன் தானாக அடித்தது. நெட்டைதான் என்று என் உயிரே துள்ளியது. "சார், வணக்கம் சார்" என்றார் வெல்டர். பேராசிரியர். எலி நிறமே இருக்கட்டும், வண்டியை எடுக்க வரலாமா என்று கேட்கிறாராம். "வண்டி கொஞ்சம் வெளிய போயிருக்கு சார். வெள்ளோட்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அடிவாரத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலை. முதல் வளைவில் எஞ்சின் நின்றுவிட்டது. கார் ஒரு முழம் பின்னால் உருண்டது. வெல்டர் ஒரு கையால் ரெக்சினையும் மறு கையால் கதவையும் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஆனால் நான் உட்கார்ந்திருந்த சீட் இம்மிகூட அசையவில்லை. அதில் நாலு கெட்டி போல்ட் இருந்தது. பேராசிரியருக்குச் செய்ததை என் தம்பிக்குச் செய்யவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சுவர் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. சுவர் முழுசாகத்தான் இருந்தது.

எட்டாவது வளைவு திரும்பியதும் நெட்டையின் கார் தெரிந்தது. ஒரு லாரியின் பின்னால் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. லாரிக்காரன் நன்றாக இருக்கட்டும், அவனால்தான் பிடித்தேன்.

"கெடச்சிட்டான்!"

"ஹாரன் அடிங்கக்கா, ஹாரன் அடிங்க!"

கை ஹாரனுக்குப் போய்விட்டது. பிறகு எடுத்துக்கொண்டேன். என் தம்பியை எனக்குத் தெரியும். பின்னால் எவனாவது அவசரப்படுகிறான் என்று தெரிந்தால், பாவம் போகட்டும் என்று கொஞ்சம் வேகமாகப் போய் அகலமான இடமாகப் பார்த்து வழி விடுவான். அந்த வேகம்தான் ஆகாது. அதனால் சத்தம் போடாமல் பின்னாலேயே போனேன்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பின் கண்ணாடியில் வாலு இல்லை. பயணம் போனால் அவள் சீட்டில் திரும்பி மண்டியிட்டு, பின்னால் வருகிற வண்டிக்கெல்லாம் நாக்கைத் துருத்திக் காட்டுவாள். திட்டினாலும் நிறுத்த மாட்டாள். அந்தக் கண்ணாடியில் இப்போது பெட்டியும் படுக்கைச் சுருட்டும் மட்டும் தெரிந்தன. தலை தெரியவில்லை. சாய்ந்து தூங்குகிறாளா? கீழே விழுந்து கிடக்கிறாளா? சீட் ஏற்கெனவே சாய்ந்து அவள் மேல்?

பத்தாவது வளைவைத் தாண்டியதும் நேரான ஏற்றம். லாரிக்காரன் ஓரம் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, முந்திக்கொள் என்று காட்டினான். நெட்டையின் கார் நடுச்சாலைக்கு வந்தது. இனி அழுத்துவான். இப்போது அழுத்தினால் முடிந்தது.

ஹாரன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். எடுக்கவே இல்லை. "வேணாண்டா! வேணாண்டா நெட்டை!" என்று கண்ணாடிக்குள்ளேயே கத்தினேன். வெல்டரும் காரணம் தெரியாமல் கூடவே கத்தினார். முன்னால் போன கார் தயங்கியது. மெதுவாக லாரியின் பின்னால் திரும்ப வந்தது. பதினோராவது வளைவில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றது.

நெட்டை இறங்கி வந்தான். வாயெல்லாம் பல்.

"கண்ணாடியில பாக்குறேன், டிரைவரே இல்லாம ஒரு கார் வருது. அப்புறம் ஒரு தலை மேல வருது, மறுபடி உள்ள போகுது. நீதான்னு உடனே தெரிஞ்சுபோச்சு. என்னக்கா, பேராசிரியர் காரத் திருடிட்டியா?"

டப்பாவைத் திறந்து காட்டினேன். நாலு போல்ட்டையும் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

முன்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். பின்பக்கத்துச் சிவப்பு போல்ட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. முன்பக்கத்தில் இருந்தது வளைந்து, நட்டு கடைசி இரண்டு புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் கழன்று என் கையிலேயே விழுந்தது.

"என் தப்புடா" என்றேன். "நான் பாத்திருக்கணும். போனுல வெட்டிச் சண்ட போட்டுக்கிட்டு உன்னப் போய்ட்டு வான்னு அனுப்பிட்டேன்."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இதுதான் ஆடுச்சா? நான் இவ உதைக்கிறான்னுல்ல நினைச்சேன். ரெண்டு தடவ திட்டுனேன். இன்னொரு தடவ உதைச்சா இங்கயே எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்னு சொன்னேன்."

பின்கதவைத் திறந்தேன். வாலு இருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பின்சீட்டில் முதுகை ஒட்டி, கீழே சரிந்து, இரண்டு காலையும் நீட்டி அப்பாவின் சீட்டு முதுகில் அழுத்திக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். முகம் சிவந்து, கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது.

"வாடா கண்ணு, எறங்கு."

"கால மடக்க வரல அத்தை."

நானே மடக்கி விட்டேன். முழங்கால் இரண்டும் தன் போக்கில் உதறிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற அப்பாவையும் பார்த்தாள்.

"நான் உதைக்கல அத்தை. பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

"மலை ஆரம்பிச்சதுலேர்ந்து. சீட்டு என் மேல வந்துச்சு. தள்ளுனேன், போயிடுச்சு. விட்டா திரும்ப வந்துச்சு. அதான் விடல."

"அப்பாகிட்ட சொல்லக் கூடாதாடி?" என்றான் நெட்டை. அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"சொன்னேனே. வாய மூடிக்கிட்டு வான்னு சொன்னீங்க."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு உயரமான ஆள் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை. அவளுடைய பாதங்களை இரண்டு கையிலும் எடுத்து வைத்துக்கொண்டு, தேய்த்து விட்டுக்கொண்டே இருந்தான். எனக்குக் கண் மறைத்தது. "என்னக்கா, எல்லாரும் நல்லா இருக்காங்களா? யாராச்சும் சொல்லுங்களேன்" என்று காருக்குள்ளிருந்து வெல்டர் கத்தினார்.

கெட்டி போல்ட்டுகளை அங்கேயே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற வேலை, அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நட்டு புரியில் ஏறவே மாட்டேன் என்றது. வாலு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நாலாவதைக் கொடுத்ததும் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். சாவி மட்டும் விழுந்தது.

நெட்டை ஏறி உட்கார்ந்தான். வாலு பின்னால் ஏறினாள். சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது.

"அப்பா, இப்ப ஒரு தடவ உதைச்சுப் பாக்கவா?"

"உதைடா கண்ணு" என்றான் அவன், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "நல்லா பலமா உதை."

அவள் இரண்டு காலையும் தூக்கி உதைத்தாள். சீட் அசையவில்லை. ஆனால் அசையும்படி உதைக்க அவள் காலில் பலமே மிச்சம் இல்லை. நான் பின்கதவு வழியாகக் குனிந்து, அவளுடைய கால்களுக்குப் பக்கத்தில் என் இரண்டு கையையும் வைத்து, அவளுக்காக ஓங்கித் தள்ளிப் பார்த்தேன்.